பாட்டுக்குப் பாட்டும் மூத்தம்மாவின் கவியும்

எமது சஞ்சிகைகளில் கவிஞர்கள் பற்றியும் சிறுகதையாளர்கள் பற்றியும் விமர்சனங்களுக்குக் குறைவில்லை. ஒலிபரப்பாளர்கள் பற்றி வருபவையோ பெரும்பாலும் பாராட்டுரைகளும் அஞ்சலிக் குறிப்புகளுமே. ஓர் அறிவிப்பாளரின் மொழி, நேயரை அவர் விளித்த முறை, அவர் நடத்திய நிகழ்ச்சியின் விதி என்பவற்றை ஓர் இலக்கியப் பிரதியைப் பார்ப்பது போலப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் இல்லை. பி. எச். அப்துல் ஹமீதின் 'பாட்டுக்குப் பாட்டு' நம் பெண்களிடம் விட்டுச் சென்றது என்ன என்பதை அவ்வாறு பார்க்க முயல்வதே இக்கட்டுரை.

இலங்கை வானொலியில் வளர்ந்த குரல் அது. 1967இல் கூட்டுத்தாபனமாக மாறிய அந்த வானொலியின் தமிழ் வர்த்தக சேவையைத் தமிழகமும் விரும்பிக் கேட்டது. அங்கு அவர் நடத்திய பாட்டுக்குப் பாட்டு, பின்னர் 1993இல் தொடங்கப்பட்ட சன் தொலைக்காட்சிக்கு 'லலிதாவின் பாட்டுக்குப் பாட்டு' என்ற பெயரில் போனது. விதி எளிமையானது. கொடுக்கப்பட்ட எழுத்தில் தொடங்கும் பாட்டைப் போட்டியாளர் உடனே பாட வேண்டும். பெரிய சங்கீதம் தேவையில்லை. ஞாபகமும் எழுத்தறிவும் இருந்தால் போதும். அவை இரண்டும் நம் பெண்களிடம் நிறையவே இருந்தன. அவற்றை ஒரு தகைமையாக யாரும் எண்ணியதில்லை என்பதுதான் குறை.

அதற்கு முன்னரும் பெண்களுக்கென நிகழ்ச்சிகள் இருந்தன. ராஜேஸ்வரி சண்முகத்தின் 'பூவும் பொட்டும்' நிகழ்ச்சியை எங்கள் வீட்டிலும் கேட்டார்கள். தலைப்பில் தங்களுக்கு இடமில்லை என்று உம்மா ஒருநாளும் குறைப்பட்டதில்லை. அந்தக் குரலின் கனிவு அவருக்குப் போதுமாயிருந்தது. முஸ்லிம் சேவையின் 'மாதர் மஜ்லிஸ்' நம் பெண்களை எழுதவும் வைத்தது. அந்த நிகழ்ச்சியால் எழுத வந்தவர்களைப் பற்றி நாம் ஓரளவேனும் பேசியிருக்கிறோம். எழுதாமல், கேட்டுக்கொண்டும் பார்த்துக்கொண்டும் இருந்தவர்களைப் பற்றிப் பேசியதில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் மூதூரில் எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் மட்டுமே டிஷ் இருந்தது. வீட்டுக்காரர் சவூதியில் உழைத்தவர். நிகழ்ச்சி நேரம் உள்ளறை முழுக்கப் பெண்கள் நிறைந்திருப்பார்கள். நாங்கள் விறாந்தையில் நின்று யன்னலால் பார்ப்போம். திரையில் எழுத்துச் சொல்லப்பட்டதும் போட்டியாளர் வாய் திறப்பதற்கு முன்னரே உள்ளிருந்து விடை வரும். எங்கள் ராத்தா எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர். பாட்டை மட்டுமல்ல, படத்தையும் கவிஞரையும் இசையமைப்பாளரையும் அவர் சேர்த்தே சொல்வார். பாட்டை எழுதியவருக்கும் ஒரு பெயர் உண்டென்று அவருக்குக் கற்பித்தது பள்ளிக்கூடமல்ல, இந்த ஒலிபரப்பு மரபே.

இந்தப் பாதிப்பில் நான் மூன்று விடயங்களைக் காண்கிறேன். முதலாவது, மரியாதை. தோற்றுப்போனவரை அவர் எள்ளி நகையாடியதில்லை. தடுமாறுகிற பெண்ணிடமும் அதே நிதானத்தோடு பேசினார். ஓர் ஆண் பொதுவெளியில் ஒரு பெண்ணிடம் இப்படியும் பேசலாம் என்பதை உள்ளறையில் இருந்தவர்கள் கண்டார்கள். இரண்டாவது, உச்சரிப்பு. ழகர, ளகர, லகரம் பிசகாத அந்தப் பேச்சு ராத்தாவின் வாசிப்பில் குடியேறியது. பின்னாளில் பாலர் பாடசாலையில் அவர் கதை சொல்லிக் கொடுத்தபோது அந்தத் தெளிவைக் கேட்டிருக்கிறேன். மூன்றாவது, பெயர். முஸ்லிம்களின் தமிழ் கொச்சையானது என்ற ஏளனத்தை நம்மில் பலர் கேட்டிருப்போம். அதே காலத்தில் இரு கரைகளிலும் செந்தமிழ் உச்சரிப்புக்கு உதாரணமாகச் சொல்லப்பட்ட பெயர் அப்துல் ஹமீத் என்பதாக இருந்தது. நம் பெண்கள் அதை விவாதிக்கவில்லை. ஆனால் பெருமையோடு உணர்ந்திருந்தார்கள்.

இத்தோடு நிறுத்தினால் இதுவும் ஒரு பாராட்டுரையாகிவிடும். நிகழ்ச்சியின் முதலீடு திரைப்பாடல். ஏறக்குறைய முழுவதும் ஆண்கள் எழுதிய வரிகள். பெண் பார்வையாளரின் ஞாபகம் மதிக்கப்பட்டது. அவருடைய சொந்தச் சொல்லுக்கு அங்கு இடமிருக்கவில்லை. அமெரிக்காவில் ஓப்ரா வின்ஃப்ரேயின் நிகழ்ச்சி 1986 முதல் 2011 வரை நடந்தது. அங்கே பெண்கள் தம் வாழ்க்கையைத் தாமே சொன்னார்கள். 1996இல் அவர் தொடங்கிய வாசிப்பு வட்டத்தால் நாவல்கள் வீடுகளுக்குள் போயின. அந்த வியாபாரத்தின் மீது கேள்விகள் இருக்கலாம். எனினும் 'உன் கதை என்ன?' என்று கேட்பதற்கும் 'இந்த எழுத்தில் உனக்கு என்ன பாட்டுத் தெரியும்?' என்று கேட்பதற்கும் இடையிலான தூரம் சிறியதல்ல.

இந்த வித்தியாசத்தை நான் நூல்களிலிருந்து அறிந்துகொள்ளவில்லை. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருந்த நாட்களில் அறிவிப்பாளனாகும் ஆசை எனக்கு. மின்சாரம் நின்ற இரவுகளில் முற்றத்தில் பாய் விரித்து, டோர்ச்சை ஒலிவாங்கியாகப் பிடித்து, ஹமீதின் குரலில் பாட்டுக்குப் பாட்டு நடத்துவேன். ராத்தா, மாமி, மச்சிமார் எல்லோரும் போட்டியாளர்கள். குடாவுக்கு அப்பால் திருகோணமலைத் துறைமுகத்து வெளிச்சங்கள் தெரியும். ஓர் இரவு மூத்தம்மாவும் போட்டியில் சேர்ந்தார். நான் 'க' என்றேன். அவர் உடனே ஒரு கவி படித்தார். கடலுக்குப் போனவனை நினைத்துக் கரையில் நிற்பவள் சொல்லும் கவி. படித்து முடிக்கும்வரை யாரும் அசையவில்லை.

நான் ஹமீதின் குரலில், "மன்னிக்கவும், அது சினிமாப் பாட்டல்ல" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

"அப்ப இது பாட்டில்லாம என்னடா மனே?" என்று கேட்டார் மூத்தம்மா.

"அது கவி மூத்தம்மா. பாட்டுப் படிங்க" என்றார் ராத்தா.

மூத்தம்மா அதற்குப் பிறகு அந்தப் பாயில் இருந்து எங்களைக் கேட்டாரே தவிர, ஒன்றும் படிக்கவில்லை.

குற்றம் ஹமீதினுடையது என்று சொல்ல மாட்டேன். தமக்குக் கிடைத்த ஊடகத்தின் எல்லைக்குள் அவர் செய்தவை பெரியவை. நாம்தான் அவருடைய பண்பை விட்டுவிட்டு விதியை எடுத்துக்கொண்டோம். தடுமாறியவரை அவமதிக்காத மனிதரின் குரலைக் களவெடுத்து, தடுமாறாத ஒரு கிழவியை நான் வெளியேற்றினேன். அவருடைய தெளிந்த உச்சரிப்பைப் பழகிய அதே வேகத்தில், உம்மாமாரின் பேச்சை வெட்கப்படத்தக்கதாக எண்ணவும் பழகினோம். ஆசிரியர் கலாசாலைப் பயிற்சியும் என்னிலிருந்து அந்த வெட்கத்தைப் போக்கவில்லை. பிள்ளைகளின் கட்டுரைகளில் ஊர்ச்சொல்லைக் கண்டால் சிவப்புக் கோடு போட்டேன்.

கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நாட்டார் பாடல்களை எஸ். முத்துமீரான் போன்றோர் தேடித் தொகுத்ததை நான் அறிந்தது தாமதமாகத்தான். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துக் கவிகளை நூலில் கண்டபோது மூத்தம்மா ஞாபகத்துக்கு வந்தார். 2006 ஆகஸ்டில் யுத்தம் மூதூருக்குள் வந்து, ஊரே கந்தளாய்க்கு இடம்பெயர்ந்தது. அந்த அகதி வாழ்வில்தான் அவருடைய ஞாபகம் மங்கத் தொடங்கியது. ஊர் திரும்பிய பிறகு, கொப்பியும் பேனையுமாக அவர் முன்னால் போய் இருந்தேன். "கடல் கவியைச் சொல்லுங்க மூத்தம்மா" என்றேன். நெடுநேரம் என்னைப் பார்த்துவிட்டு, ரேடியோவில் கேட்ட ஒரு சினிமாப் பாட்டின் முதலடியைச் சொன்னார். பாட்டென்று நான் ஏற்றுக்கொள்வது எதுவென்பது மட்டும் அவர் நினைவில் மிஞ்சியிருந்தது போலும்.

இன்று எங்கள் பெண்கள் கைபேசியில் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். ஆயினும் கல்யாண வீடுகளில் வயதான பெண்கள் கூடினால் இன்றும் எழுத்துக் கொடுத்துப் பாட்டுக் கேட்கிறார்கள். அவ்வளவு ஆழமாக வேரூன்றிய ஒரு விளையாட்டை இழிவாகத் தள்ளிவிடுவதில் பயனில்லை. விதியைத்தான் மாற்ற வேண்டும். என் வகுப்பில் மாதம் ஒருமுறை பாட்டுக்குப் பாட்டு வைக்கிறேன். மூத்தம்மாமாரிடம் கேட்டு வந்த கவிக்கும் தாலாட்டுக்கும் இரட்டைப் புள்ளி. சொன்னவரின் பெயரையும் பிள்ளை சேர்த்துச் சொல்ல வேண்டும். பாட்டுக்குச் சொந்தக்காரர் உண்டென்பதை எங்கள் வீட்டுக்குப் படிப்பித்தவர் ஹமீத் அல்லவா?

இதுவரை என் கொப்பியில் முப்பத்தொரு கவிகள் சேர்ந்திருக்கின்றன. 'க' எழுத்தில் மட்டும் நான்கு. மூத்தம்மாவின் கவி அவற்றில் இல்லை.