சாய்ப்பு இறக்கிய கணினிகள்

1981இல் பிரிட்டனில் வெளியான சிங்கிளேர் இசட்எக்ஸ்81 கணினியின் நினைவகம் 1 கிலோபைட், அதாவது 1024 பைட். திரையை 24 வரி, வரிக்கு 32 எழுத்து என்று முழுதாக நிரப்பினால் அதற்கே 793 பைட் போய்விடும். இயந்திரம் தன் உள்வேலைக்கு 125 பைட்டை ஒதுக்கிக்கொள்ளும். நிரல் எழுத மிஞ்சுவது ஏறத்தாழ நூறு பைட்தான். இந்தப் பத்தியின் முதல் வாக்கியத்தைக்கூட அதில் அடக்க முடியாது. இதற்குத் தீர்வாக, கணினியின் முதுகில் செருகும் 16 கிலோபைட் நினைவகப் பெட்டியையும் சிங்கிளேரே விற்றது. வெளியான காலத்தில் அதன் விலை 49.95 பவுண்டு. நாமே பூட்டிக்கொள்ளும் உதிரிகளாக வாங்கினால் கணினியின் விலையும் அதே 49.95 பவுண்டு.

பழைய வீட்டுக்கணினிகளைப் பற்றிப் பேசுகிறவர்கள், மூடியைக் கழற்றிச் சிப்பு மாற்றிய அந்தக் காலத்தைப் பொற்காலமாகப் போற்றுவது வழக்கம். அதில் உண்மை உண்டு, ஆனால் அது பாதி உண்மை. மேற்கண்ட விலையைப் பார்த்தால், பாதி கட்டிய பொருளை முதலில் விற்று மீதியைப் பிறகு விற்ற வணிகமாகவும் அது தெரியும். இரண்டு பக்கத்தையும் நிறுத்துப் பார்க்க வேண்டும்.

நல்ல பக்கத்துக்கு முதல் சாட்சி 1977இன் ஆப்பிள் II. செருகுவாய்கள் இரண்டு போதும் என்றார் ஸ்டீவ் ஜாப்ஸ். எட்டு வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார் ஸ்டீவ் வாஸ்னியாக். வாஸ்னியாக்கின் பிடிவாதமே வென்றது. 4 கிலோபைட்டோடு வாங்கிய இயந்திரத்தைப் பலகையிலேயே 48 வரை உயர்த்தலாம். 1979இல் வந்த லாங்குவேஜ் கார்டு இன்னும் 16 கூட்டி அதை 64 ஆக்கியது. அதன் 6502 செயலி எண்ணக்கூடிய முகவரிகளே மொத்தம் 64 கிலோபைட்தான். அதிலும் 12 கிலோபைட், மாறாத நிரல் பதித்த ரோமுக்குப் போய்விட்டது. ஆகவே கூடுதல் நினைவகம் அந்த ரோமின் முகவரியிலேயே உட்கார்ந்து, வேண்டும்போது அதை விலக்கிவிட்டுத் தான் முன்னால் வந்தது. இப்படியொரு கார்டை வெளியாரும் வடிவமைக்க முடிந்ததற்குக் காரணம், சுற்றுப்படத்தையும் ரோமின் நிரலையும் ஆப்பிளே கையேட்டில் அச்சிட்டுக் கொடுத்ததுதான்.

தேவையும் கண்முன் இருந்தது. 1979இல் வந்த விசிகால்க் கணக்குத்தாள் ஓட 32 கிலோபைட் வேண்டும். அதற்காகவே நினைவகம் கூட்டினார்கள். 1980இல் மைக்ரோசாப்ட் வெளியிட்ட சாப்ட்கார்டு, இசட்80 என்ற இன்னொரு செயலியையே உள்ளே கொண்டுவந்து வைத்தது. அதுவரை ஆப்பிளில் ஓடாத வேர்ட்ஸ்டார் போன்ற, சிபி/எம் இயக்குதளத்துக்கான மென்பொருள்கள் அதில் ஓடின. பழைய இயந்திரத்தைத் தூக்கிப் போடாமல், கையில் பணம் சேரச் சேர அதை வளர்த்துக்கொள்ளலாம் என்பது சம்பளக்காரக் குடும்பத்துக்குச் சிறிய சலுகையல்ல.

லயத்து வீட்டின் பின்சுவரில் சாய்ப்பு இறக்கி அடுப்படியை நீட்டிக்கொள்வது நம் தேயிலைத் தோட்டங்களில் பழகிய வேலை. சுவர் தாங்குமா, தண்ணீர் எந்தப் பக்கம் வடியும் என்று பார்க்காமல் இறக்கினால் முதல் மழையே குறையைச் சொல்லிவிடும். கணினிக்கு இறக்கிய சாய்ப்புகளில் பலவற்றுக்கு நேர்ந்ததும் அதுதான்.

முதற்குறை, தாங்குதிறன். இசட்எக்ஸ்81இன் நினைவகப் பெட்டி பலகையின் விளிம்பை மட்டும் பற்றிக்கொண்டு நின்றது. விசையை அழுத்தும்போது கணினியின் உடல் லேசாக அசைந்தால் தொடர்பு அறுந்து, மணிக்கணக்கில் தட்டிய நிரல் மறைந்துவிடும். ஒட்டுப்பசை வைத்து அதை நிறுத்தினார்கள். மின்சாரமும் இப்படித்தான்: கமடோர் 64க்கான 256 கிலோபைட் விரிவாக்கியோடு பெரிய மின்வழங்கி ஒன்றையும் சேர்த்தே தர வேண்டியிருந்தது, பழையது அதைத் தாங்காது என்பதால். மலேசியாவின் கேமரன் மலையிலுள்ள தானா ராத்தா போன்ற ஊரில் இந்தக் குறை இரட்டிப்பாகும். ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரம், பனிமூட்டம், ஓயாத ஈரம். குளிர்ச்சி சிப்புகளுக்கு நல்லதுதான். தங்கப்பூச்சு இல்லாத செருகுமுனைகள் மட்டும் ஈரத்தில் மங்கித் தொடர்பை இழக்கும். ஒவ்வொரு விரிவாக்கமும் கெட்டுப்போகக்கூடிய இன்னொரு மூட்டு. பழுது பார்க்க தாப்பா வரை வளைந்து வளைந்து இறங்கி, அங்கிருந்து ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ போக வேண்டிய ஊரில், மூட்டுகளின் எண்ணிக்கை சின்ன விஷயமல்ல.

இரண்டாவது குறை கொஞ்சம் வேடிக்கையானது: ஒரு விரிவாக்கம் இன்னொன்றைக் கேட்கும். இந்தியாவில் 1984இல் பள்ளிகளுக்காகத் தொடங்கிய ‘கிளாஸ்’ கணினிக் கல்வித் திட்டம் தேர்ந்தெடுத்தது பிபிசி மைக்ரோவை. அதன் நினைவகம் 32 கிலோபைட். உயர்தரத் திரை வேண்டுமென்றால் அதில் 20 திரைக்கே போய்விடும். ஒலிநாடாவுக்குப் பதில் வட்டு இயக்கி பூட்டினால், அந்த வட்டமைப்பு இன்னும் 2,816 பைட்டைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளும். வேகத்துக்காக வட்டு வாங்கியவரின் பெரிய நிரல், அதே வட்டால் நினைவகத்தில் அடங்காமல் போகும். அடுத்து, திரையின் சுமையை இறக்க நிழல் நினைவகக் கார்டு வாங்க வேண்டும். செலவுப் பட்டியல் இப்படியே நீளும்.

மூன்றாவது குறைதான் முக்கியமானது: வீட்டுக்கு வீடு இயந்திரம் வேறுபட்டுப்போவது. கமடோர் விக்-20இல் பயனருக்கு மிஞ்சியது 3,583 பைட். அதில் 8 கிலோபைட் கூட்டினால் திரையின் முகவரி 7680இலிருந்து 4096க்கு நகர்ந்துவிடும். பழைய முகவரியை நம்பி எழுதிய விளையாட்டுகள் ஓடாது. நினைவகம் கூடியதால் மென்பொருள் குறைந்தது. கமடோர் 64க்கு 512 கிலோபைட் விரிவாக்கிகூட வந்தது. ஆனால் செயலி ஒரு சமயத்தில் 64ஐ மட்டுமே பார்க்கும் என்பதால், வெளியே இருப்பதை உள்ளே படியெடுத்துத்தான் பயன்படுத்த முடியும். அதை வாங்கியவர் சிலர், வாங்காதவர் பலர். பலரிடம் இல்லாத ஒன்றை நம்பி நிரல் எழுத யார் முன்வருவார்கள்? ஜியோஸ் என்ற வரைகலை இயக்குதளம் போன்ற சிலவற்றைத் தவிர அதற்கு வேலை கிடைக்கவில்லை.

எதிர்ச்சான்றாக சிங்கிளேர் ஸ்பெக்ட்ரம் நிற்கிறது. 1982இல் 16 கிலோபைட் இயந்திரம் 125 பவுண்டு, 48 கிலோபைட் இயந்திரம் 175 பவுண்டு. விலையை இறக்க ஓர் உத்தி செய்தார்கள்: 64 கிலோபிட் சிப்புகளில் ஒரு பாதி பழுதாகிப் போனவற்றை மலிவாக வாங்கி, நல்ல பாதியை மட்டும் பயன்படுத்தினார்கள். மலிவானதால் பெரும்பாலானோர் 48க்கு வந்து சேர்ந்தார்கள். மென்பொருள்காரர்களும் அதையே அளவாக வைத்து எழுதினார்கள். ஆப்பிள் தன் 1983ஆம் ஆண்டு மாதிரியில் 64 கிலோபைட்டையும் பலகையிலேயே பதித்துத் தந்தது. தைவானிலும் ஹாங்காங்கிலும் செய்த நகல் ஆப்பிள்கள் பலவற்றில் 64 கிலோபைட்டோடு இசட்80 செயலியும் சேர்ந்தே வந்தது. அவை ரோமைத் திருடிச் செய்த சரக்குகள்தாம். ஆனாலும் எந்த விரிவாக்கம் எல்லோருக்கும் தேவை என்பதை அந்தச் சந்தை சரியாகக் கணித்திருந்தது.

தமிழ் கணினிக்குள் வந்த கதையும் இந்த அளவுகோலுக்கு உட்பட்டதே. முதல் ஆப்பிள் II திரையில் காட்ட வல்லது 64 குறிகளை. ஆங்கிலச் சிற்றெழுத்துக்கே அதில் இடமில்லை. இந்திய மொழிகளுக்காக 1980களில் கான்பூர் ஐஐடியில் உருவாகி, பிறகு சி-டாக் நிறுவனத்தில் வளர்ந்த ஜிஸ்ட் கார்டு, ஐபிஎம் கணினியின் செருகுவாயில் அமர்ந்து திரையையும் விசைப்பலகையையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. ஆங்கிலத்துக்காக எழுதிய டாஸ் மென்பொருள்கள் மாற்றமின்றி இந்திய எழுத்துகளை ஏற்றன. அன்றைய செயலிகளின் வேகத்துக்கு அது திறமையான விடை. ஆனால் கார்டு உள்ள கணினியில் மட்டுமே தமிழ்; பக்கத்து மேசையில் இல்லை. விண்டோஸின் வரைகலைத் திரை பரவியதும் அந்தக் கார்டு நின்ற அடித்தளமே நகர்ந்துவிட்டது. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு, மென்பொருளாக வளர்ந்து வட்டு வழியே கைமாறியது. எவர் கணினியிலும் ஏறக்கூடியது என்பதே அதன் பலம்.

அப்படியானால் விரிவாக்கவே முடியாத மூடிய பெட்டிதான் நல்லதா? 1984இன் மெக்கின்டாஷ் அதைச் செய்து பார்த்தது: 128 கிலோபைட், செருகுவாய் ஒன்றும் இல்லை. 1985 ஜனவரியிலேயே டாக்டர் டாப்ஸ் இதழ் அதைச் சால்டரிங் செய்து 512 ஆக்கும் முறையை வெளியிட்டது. தேவை இருக்கும் இடத்தில் மூடி தடையாகாது; வேலையை ஆபத்தானதாகவும் செலவானதாகவும் ஆக்குவதோடு சரி.

ஆகவே என் தீர்ப்பு இது. கூட்டிக்கொள்ளும் உரிமை பயனரிடம் இருக்க வேண்டும். அதற்கான சுற்றுப்படமும் முறையும் வெளிப்படையாக இருக்க வேண்டும். ஆனால் எதைக் கூட்டினாலும், பக்கத்து வீட்டுக் கணினியிலும் அது இருக்கிறதா என்பதே அதன் பயனை முடிவு செய்யும். இன்று பல மடிக்கணினிகளில் ரேம் பலகையோடு சால்டரிங் செய்தே வருகிறது. தோட்டத்துப் பிள்ளைக்குப் பழைய மடிக்கணினி வாங்கப் போகும் பெற்றோர் கடைக்காரரிடம் இரண்டு கேள்வி கேட்கலாம்: ரேமைப் பிறகு மாற்ற முடியுமா? பள்ளியில் பயன்படுத்தும் மென்பொருளுக்கு எவ்வளவு ரேம் தேவை? இரண்டாவதற்கு விடை தெரிந்தால், முதலாவதற்காக எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கலாம் என்பதும் தெரிந்துவிடும்.