சடைமுடியும் இயற்கைப் பொருள்களும்: ஒரு திறனாய்வு

‘இயற்கைப் பொருள்’ என்று சொல்லிவிட்டால் நம்மில் பலர் மேற்கொண்டு கேள்வி எழுப்புவதில்லை. ஆலையில் செய்த பொருளுக்குத்தான் சான்று வேண்டும், தோட்டத்தில் பறித்ததற்கு வேண்டாம் என்பது பொதுவான எண்ணம். இவ்வெண்ணம் எந்த அளவுக்குச் சரியானது? இதைச் சோதித்துப் பார்க்கச் சடைமுடி ஒரு நல்ல எடுத்துக்காட்டாகும்.

மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றான ஜமைக்காவில் 1930களில் ராஸ்தஃபாரி இயக்கம் தோன்றியது. இவ்வியக்கத்தினருள் பலர் தலைமயிரைச் சீவாமலும் வெட்டாமலும் வளர்த்தனர். அவ்வாறு திரண்ட சடைகளே ‘டிரெட்லாக்ஸ்’ எனப்படுகின்றன. செயற்கைப் பொருள்களை இயன்றவரை விலக்கி வாழ்வது அவர்தம் நெறி. 1970களில் பாப் மார்லியின் இசையோடு இம்முடியும் உலகெங்கும் அறிமுகமாயிற்று. அதன் பின்னால் கைமுறைகளும் பரவின. தேன்மெழுகு தடவுங்கள், கடல்நீரில் நனையுங்கள், எலுமிச்சையும் சமையற்சோடாவும் தேயுங்கள், கற்றாழை பூசுங்கள் என்பன அவற்றுட் சில. ‘எல்லாம் இயற்கை, ஆகவே தீங்கில்லை’ என்பதே இவற்றின் பொதுப் பல்லவி. இவற்றை ஒவ்வொன்றாக எடைபோட்டுப் பார்ப்போம்.

சடை எவ்வாறு பிடிக்கிறது?

முதலில் ஓர் எளிய சோதனை செய்யுங்கள். சீப்பில் சிக்கிய நீண்ட மயிரிழை ஒன்றை எடுத்துக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் பிடியுங்கள். இழையின் நீளவாக்கில் விரல்களை முன்னும் பின்னுமாகத் தேயுங்கள். இரு திசைகளிலும் சமமாகத்தான் தேய்க்கிறீர்கள். ஆயினும் இழை ஒரே திசையில், அதாவது வேர்ப்பக்கம் முன்செல்லுமாறு நகரும்.

இதற்குக் காரணம் யாது? மயிரிழையின் புறத்தே, ஓட்டு வீட்டின் கூரையைப் போல, நுண்ணிய செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. அவற்றின் விளிம்புகள் நுனியை நோக்கியுள்ளன. வேரிலிருந்து நுனிக்கு வருடும்போது உராய்வு குறைவு. நுனியிலிருந்து வேருக்கு வருடும்போது மிகுதி. ஒரு திசையில் மட்டும் வழிவிடும் பற்சக்கரத்தைப் போன்றது இது. இழைகள் பல ஒன்றோடொன்று உரசும்போது ஒவ்வொன்றும் முன்னேறிச் செல்லுமே தவிரப் பின்வாங்காது. ஆட்டு மயிர் கம்பளமாக இறுகுவதும் இவ்விதியினால்தான்.

நாள்தோறும் நம் தலையிலிருந்து ஏறத்தாழ 50 முதல் 100 மயிர்கள் உதிர்கின்றன. சீவாத தலையில் அவை கீழே விழாமல் உள்ளேயே சிக்கிக்கொள்கின்றன. ஆப்பிரிக்க வழியினரின் முடியைப் போல இழை சுருள்சுருளாக இருந்தால் சிக்கல் இன்னும் விரைவில் உறுதிப்படும். ஆக, சடைக்கு வேண்டியவை உராய்வும், அசைவும், காலமும் மட்டுமே. சடை தானே பிடிக்கிறது. எந்தக் கைமுறையும் இம்மூன்றுக்கும் துணை செய்கிறதா, தடை செய்கிறதா என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

தேன்மெழுகு

கைமுறைகளுள் மிகப் பெயர் பெற்றதும், மிகுந்த தொல்லை தருவதும் இதுவே. மெழுகு இழைகளை ஒட்டிவைக்கிறது. ஒட்டப்பட்ட இழைகள் ஒன்றன்மீது ஒன்று நகர இயலாது. நகராவிட்டால் இறுகுவது எங்ஙனம்? முதல் நாளிலேயே சடைபோன்ற தோற்றம் கிடைக்கிறது. சடை உருவாவதோ தாமதப்படுகிறது.

அடுத்து, தேன்மெழுகு நீரில் கரையாது. அது உருகும் வெப்பநிலை 62 முதல் 65 டிகிரி சென்டிகிரேட். நாம் தாங்கக்கூடிய வெந்நீரோ 40 டிகிரியை ஒட்டியது. எனவே எத்தனை முறை குளித்தாலும் மெழுகு அங்கேயே இருக்கும்; தூசியையும் பஞ்சிழைகளையும் பிடித்துவைக்கும். அதை உருக்குமளவு சூடான நீர் தலையைப் பொசுக்கிவிடும். பிறகு கத்தரிதான் வழி. தேனீ செய்தது என்பதால் இக்குறை நீங்கிவிடுமா?

உப்பு, சோடா, எலுமிச்சை

கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் உள்ளன. நீர் உலர்ந்ததும் நுண்படிகங்கள் இழைகளின்மீது தங்கி உராய்வைக் கூட்டுகின்றன. ஆகவே இம்முறையில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் கடலுப்பில் உள்ள மக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை உறிஞ்சுவது. அலசாமல் விட்டால் சடை எப்போதும் நமநமவென்றே இருக்கும்.

எலுமிச்சைச் சாற்றையும் சமையற்சோடாவையும் கலந்து தேய்க்கச் சொல்வோர் உண்டு. கலந்ததும் நுரை பொங்குவதைக் கண்டு, ‘வேலை செய்கிறது’ என்று மகிழ்வர். அமிலமும் காரமும் ஒன்றையொன்று நடுநிலையாக்கிக் கரியமில வாயு வெளியேறுவதே அந்த நுரை. எஞ்சுவது சோடியம் சிட்ரேட்டும் நீரும். இரண்டின் வலிமையும் கிண்ணத்திலேயே தீர்ந்துவிடுகிறது!

தனித்தனியே பயன்படுத்தினால் விளைவு வேறு. தலைத்தோலின் பி.எச். மதிப்பு ஏறத்தாழ 5.5, சோடாக் கரைசலினுடையது 8க்கு மேல், எலுமிச்சைச் சாற்றினுடையது 2 அல்லது 2.5. சோடா இழையைப் புடைக்கச்செய்து உராய்வைக் கூட்டுவது மெய்யே. நாளடைவில் இழை முறிவதும் மெய். எலுமிச்சை இனச் சாறு தோலில் படிந்திருக்கும்போது கடும் வெயில் பட்டால் கொப்புளமும் கரும்புள்ளியும் உண்டாகலாம். சாற்றிலுள்ள சில பொருள்கள் புறஊதாக் கதிர்களை ஏற்றுத் தோலைச் சுடுவதே காரணம். இதுவும் இயற்கைதான்!

கற்றாழையும் எண்ணெய்களும்

ஜமைக்கா மக்கள் ‘சிங்கிள் பைபிள்’ என்றழைக்கும் செடி நமது சோற்றுக்கற்றாழையே. அதன் கூழில் நூற்றுக்கு 98 பங்குக்கு மேல் நீர். எஞ்சிய சர்க்கரைச் சேர்மங்கள் உலர்ந்து மெல்லிய படலமாகி இழைகளைச் சற்றுநேரம் பிடித்துவைக்கும். அடுத்த குளியலில் கரைந்தோடும். பெரும்பயன் இல்லை, பெருந்தீங்கும் இல்லை. தோலுக்கடியிலுள்ள மஞ்சள் பாலை மட்டும் வடித்துவிட வேண்டும். அது அரிப்பைத் தரும்.

எண்ணெய்கள் எல்லாம் ஒன்றல்ல. தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு 2003இல் வெளியான இந்திய ஆய்வு, தேங்காயெண்ணெயே மயிரிழையினுள் புகுந்து புரத இழப்பைக் குறைக்கிறது எனக் கண்டது. ஜமைக்காவில் பெயர்பெற்ற ஆமணக்கெண்ணெயோ நீரைவிடப் பல நூறு மடங்கு பாகுத்தன்மை உடையது. ஆமணக்கெண்ணெய் தடவிக் குளித்த இளம்பெண் ஒருவரின் தலைமயிர் திடீரெனக் கல்போல் இறுகி, வெட்டியெடுக்க நேர்ந்ததை 2017இல் மருத்துவ இதழொன்று பதிவு செய்தது. சடையை விரும்பாதவருக்கும் சடையைத் தந்துவிட்டது இயற்கை எண்ணெய்!

எந்தப் பொருளும் தன் சூழலைச் சார்ந்தே பயன் தருகிறது என்பதற்கு நமீபியாவின் ஹிம்பா மகளிர் சான்று. வெண்ணெய்க் கொழுப்பும் செங்காவியும் குழைத்த ‘ஒட்ஜிஸே’ என்னும் கலவையை அவர்கள் தோலிலும் பின்னல்களிலும் பூசுகின்றனர். காவியிலுள்ள இரும்பு ஆக்சைடு புறஊதாக் கதிர்களைத் தடுப்பதை 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. நீர் அரிதான வறண்ட நிலத்துக்கு அது அறிவார்ந்த முறை. அதே கொழுப்பை ஈரக்காற்று வீசும் கடலோர ஊரில் சடைக்குள் ஏற்றினால் சிக்கெடுத்து நாறும்.

கழுவக் கூடாதா?

‘சடையைக் கழுவினால் அவிழ்ந்துவிடும்’ என்பது மற்றொரு நம்பிக்கை. உண்மை இதற்கு நேர்மாறானது. எண்ணெய்ப் பசை நீங்கிய இழைகளே நன்றாகப் பற்றிக்கொள்கின்றன. உலர்த்துவதில்தான் கவனம் வேண்டும். நனைந்த சடையின் உட்பகுதியிலிருந்து ஈரம் ஊர்ந்து வெளிவர வேண்டும். இதற்கான காலம், ஏறக்குறைய, சடைப் பருமனின் இருமடியைப் பொறுத்தது. ஒரு சென்டிமீட்டர் தடித்த சடை 3 மணி நேரத்தில் உலருமாயின், இரண்டு சென்டிமீட்டர் தடித்தது உலர 12 மணி நேரம் ஆகும். இரவில் குளித்து ஈரத்தோடு படுத்தால் உள்ளே பூஞ்சை வளரும். நனைந்த சடையின் எடை வேர்களை இழுப்பதால் நெற்றியோரம் வழுக்கை விழுவதும் உண்டு. உப்புச்சத்து மிகுந்த கிணற்றுநீரில் சோப்பைப் பயன்படுத்தினால் கரையாத கசடு உள்ளே படியும். பூந்திக்கொட்டைச் சாற்றில் இத்தொல்லை இல்லை. சாற்றை வடிகட்டி ஊற்ற வேண்டும், அவ்வளவே.

இவை வெறும் அழகுக் குறிப்புகள் அல்ல. மகாராட்டிரத்திலும் கர்நாடகத்திலும் ஒரு பெண்ணின் தலையில் சடை விழுந்தால் அது எல்லம்மா தேவியின் அழைப்பு என்று நம்பி, அவளைக் கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கொடுமை நடந்திருக்கிறது. வெட்டினால் தீங்கு நேரும் என்ற அச்சத்தில் கழுத்து நோகச் சடையைச் சுமந்தோர் பலர். மகாராட்டிரத்தில் 1989இல் தோன்றிய மூடநம்பிக்கை ஒழிப்பு இயக்கத்தினர், இத்தகைய பெண்களிடம் பொறுமையாகப் பேசிச் சடைகளை அகற்றி வந்துள்ளனர். தோலுக்கு வெளியே உள்ள மயிரிழை உயிரற்ற கெரட்டின் புரதம். அதில் இரத்தமில்லை, நரம்பில்லை. வெட்டினால் நோகாது, விட்டால் அருளும் வராது.

விரும்பி வளர்ப்போர் வளர்க்கட்டும். அது அவர்தம் உரிமை. அவர்களைத் தூய்மையற்றோர் என ஒதுக்குவதும் அறியாமையே. ஆனால், நண்பர்களே, ஒரு பொருள் எங்கிருந்து வந்தது என்பது அதன் பண்பைச் சொல்லாது. அது எத்தனை டிகிரியில் உருகும், எதில் கரையும், ஈரத்தை எவ்வளவு நேரம் பிடித்துவைக்கும் என்று கேளுங்கள். தேன்மெழுகானாலும் ஆலையில் செய்த மெழுகானாலும் கேள்விகள் இவையே.