ஏர் எடுக்க ஒரு நிப்பிள்: கீழே வெற்றி, மேலே காற்று

ரெட்டிப்பாளையம், கோவிந்தபுரம், தாமரைக்குளம், கீழப்பழுவூர் என்று அரியலூரைச் சுற்றிச் சிமென்ட் ஆலைகள். சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர் லாரிகளுக்கு நடுவே பைக் ஓட்டுகிறவருக்கு முன்பிரேக்கின் மேல் முழு நம்பிக்கை வேண்டும். லிவரைத் தொட்டதும் பிடிக்காமல், அது கொழகொழவென்று கிரிப் வரைக்கும் உள்ளே போகிறதென்றால், மெக்கானிக் சொல்லும் முதல் வார்த்தை: "ஏர் எடுக்கணும்."

பிரேக் எண்ணெயில் சிக்கிய காற்றை வெளியேற்றும் இந்த வேலையைச் சுலபமாக்க வந்ததுதான் ஒருவழி வால்வு நிப்பிள். அமெரிக்காவின் ‘ஸ்பீட் ப்ளீடர்’ இந்த வகையில் பிரபலமான பெயர். அதே அமைப்பில் வேறு பல தயாரிப்புகளும் ஆன்லைனில் கிடைக்கின்றன. பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையே தினமும் ஓடும் 150 சிசி பைக் ஒன்றின் முன் கேலிப்பரில் இப்படியொரு நிப்பிளை மாட்டிச் சில வாரங்கள் புழங்கியதில், அதன் அருமையும் தெரிந்தது, அதனால் தீராத ஒரு குறையும் தெரிந்தது. குறை நிப்பிளுடையது அல்ல. வண்டியின் வடிவமைப்புடையது.

முதலில் அருமை. வழக்கமான முறையில் ஏர் எடுக்க இரண்டு பேர் இருந்தால் நல்லது. ஒருவர் லிவரை நாலைந்து முறை அடித்துப் பிடித்துக்கொள்வார். இன்னொருவர் ஸ்பானரால் நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்து மூடுவார். மூடுவதற்குள் லிவரை விட்டுவிட்டால் வெளியேறிய காற்று திரும்ப உள்ளே ஏறிவிடும். ஒருவழி நிப்பிளின் வயிற்றில் ஒரு சிறு குண்டும் ஸ்பிரிங்கும் இருக்கின்றன. லிவரை அழுத்தினால் குண்டு விலகி எண்ணெயையும் காற்றையும் வெளியே விடும். லிவரை விட்டதும் ஸ்பிரிங் குண்டைத் தள்ளி வழியை அடைக்கும். கிணற்று மோட்டாரின் ஃபுட் வால்வு செய்கிற அதே வேலை. நிப்பிளைக் கால் சுற்றுத் தளர்த்தி, குழாயைச் செருகி, மேலே லிவர் பக்கத்து எண்ணெய் டப்பாவில் அளவு குறையாமல் பார்த்துக்கொண்டு ஒருவரே லிவரை அடித்துக்கொண்டிருக்கலாம்.

சாதாரண நிப்பிளைத் தளர்த்தினால் மரை வழியாகவும் காற்று கசியும். ஒருவழி நிப்பிளின் மரையில் அதற்காகவே ஒரு பூச்சு உண்டு. பலமுறை திறந்து மூடினால் பூச்சு தேயும், அப்போது திரும்பப் பூச வேண்டும். வாங்குமுன் மரை அளவு தெரிந்தாக வேண்டும். ஜப்பானியக் கேலிப்பர்கள் பலவற்றில் 8 மி.மீ. விட்டமும் 1.25 மி.மீ. மரை இடைவெளியும் இருக்கும். பிரெம்போ கேலிப்பர்களில் பெரும்பாலும் 10 மி.மீ., 1.0 மி.மீ. தவறான அளவை முறுக்கி ஏற்றினால் கேலிப்பரின் அலுமினிய மரை போய்விடும்.

சிமென்ட் தூசி பறக்கும் ஊரில் இன்னொன்று முக்கியம்: நிப்பிளின் தலையில் இருக்க வேண்டிய ரப்பர் மூடி. அது தொலைந்த வண்டியில் நிப்பிளின் துளைக்குள் தூசியும் ஈரமும் சேர்ந்து கட்டியாகிவிடும். ஸ்பானர் போட்டால் மூலை மழுங்கும், சில சமயம் தலையே ஒடியும். திறக்கும்போது ஓப்பன் ஸ்பானரை விட்டுவிட்டு ரிங் ஸ்பானரைப் போட்டால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

இனி அந்தக் குறை. புது நிப்பிளில் குமிழி இல்லாமல் தெளிந்த எண்ணெய் வந்த பிறகும் லிவரின் முதல் அங்குலத்தில் தளர்ச்சி இருந்தது. காற்று கீழே கேலிப்பரில் இல்லை. மேலே, மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஹோஸ் புறப்படும் பான்ஜோ போல்ட்டில் உட்கார்ந்திருந்தது. ஹோஸ் அங்கே சற்று மேல்நோக்கி வளைந்து பிறகுதான் கீழே இறங்குகிறது. குமிழியின் இயல்பு மேலே ஏறுவது. ஒரு அழுத்தலுக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய்கூட நகராது. அந்த மெதுவான ஓட்டத்தால் மேட்டில் இருக்கும் குமிழியைக் கேலிப்பர் வரை இழுத்துவர முடிவதில்லை.

பட்டறைகளில் இதற்குக் கைவைத்தியம் உண்டு. வண்டியை சைடு ஸ்டாண்டில் சாய்த்து, ஹேண்டிலை முழுக்க இடப்பக்கம் திருப்பினால் வலப்பக்கக் கிரிப் உயரும். பான்ஜோவில் இருக்கும் குமிழி எண்ணெய் டப்பாவின் துளையை நோக்கி ஏறும். லிவரை விரல்நுனியால் லேசாகத் தட்டிக்கொண்டே இருந்தால் டப்பாவில் பொடிக் குமிழிகள் வருவதைக் கண்ணால் பார்க்கலாம். லிவரை ரப்பர் பேண்டால் இறுக்கி ராத்திரி முழுக்க விட்டுவைப்பவர்களும் உண்டு. சாதாரண நிப்பிள் இருந்தால், மெடிக்கல் ஷாப் சிரிஞ்சையும் மீன்தொட்டிக் குழாயையும் கொண்டு கேலிப்பரிலிருந்து மேல்நோக்கி எண்ணெய் ஏற்றுவது இன்னும் நியாயமான வழி, குமிழி போக விரும்பும் திசையிலேயே அதைத் தள்ளுகிறது. ஆனால் பழைய எண்ணெயின் கசடும் சேர்ந்து மேலே போகும் என்பதால் ஏபிஎஸ் வண்டியில் அதைத் தவிர்ப்பது நல்லது.

இத்தனை பாடும் எதற்கு? பிரெம்போவின் ஆர்சிஎஸ் மாஸ்டர் சிலிண்டரில் மேலேயே ஒரு ப்ளீட் நிப்பிள் இருக்கிறது. அதைத் திறந்தால் மேட்டில் நிற்கும் காற்று அங்கேயே வெளியேறிவிடும். நிப்பிள் வைத்த பான்ஜோ போல்ட்டும் தனியாகக் கிடைக்கிறது. ஹோண்டா சிபி750 ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்கோடு வந்தது 1969இல். அதற்குப் பிறகு அரை நூற்றாண்டு கடந்தும், அன்றாடம் ஓடும் எத்தனையோ வண்டிகளில் காற்று வெளியேற ஒரே வாசல், அதுவும் மிகத் தாழ்ந்த இடத்தில். சில பின்பிரேக்குகளில் நிப்பிள் கேலிப்பரின் உச்சியில்கூட இருப்பதில்லை. கேலிப்பரைக் கழற்றி, பேடுகளுக்கு நடுவே மரக்கட்டை வைத்து, நிப்பிள் மேலே வரும்படி சாய்த்துப் பிடித்துத்தான் ஏர் எடுக்க வேண்டியிருக்கிறது.

ஏபிஎஸ் வந்த பிறகு இந்தக் கவலை கூடியிருக்கிறது. 2019 ஏப்ரல் 1 முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகள் எல்லாவற்றிலும் ஏபிஎஸ் கட்டாயம். எண்ணெய் மாற்றும்போது டப்பா வறண்டு ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று புகுந்தால், உள்ளே மூடியிருக்கும் வால்வுகளைத் திறந்து பம்பை ஓட்ட ஸ்கேனர் தேவைப்படலாம். பெரிய ஊரின் சர்வீஸ் சென்டருக்கு அது எளிது. ஜெயங்கொண்டம், குன்னம் பக்கத்துச் சின்னப் பட்டறைக்கு எளிதல்ல.

ஏர் எடுப்பதையும் எண்ணெய் மாற்றுவதையும் தள்ளிப்போட்டால் என்ன ஆகும்? பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 எண்ணெய்க்குப் புதிதில் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலையில் அந்த வரம்பு 155. பச்சைமலை இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே வந்தால் சூடான எண்ணெய் ஆவியாகி, லிவர் வெறுமையாக உள்ளே போகும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றச் சொல்வது அதனால்தான். ஏர் எடுப்பது கடினமாக இருக்கும் வண்டியில் அந்த வேலை தள்ளித் தள்ளிப் போகும். ஆபத்து அங்கேதான் சேர்கிறது.

தீர்ப்பு: சொந்தமாக வேலை பார்க்கிறவர்கள் ஒருவழி நிப்பிளைத் தயங்காமல் வாங்கலாம். கூடவே நிப்பிள் வைத்த பான்ஜோ போல்ட்டையும், சரியான மரை அளவு பார்த்து, புது காப்பர் வாஷரோடு மாட்டினால் வேலை முழுமை பெறும். ஓசூரிலும் ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் பைக் தயாரிக்கும் நிறுவனங்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த மாடலில் மாஸ்டர் சிலிண்டரின் மேல் ஒரு நிப்பிள், பின் கேலிப்பரின் உச்சியில் ஒரு நிப்பிள், மேடு தட்டாமல் இறங்கும் ஹோஸ். இந்த மூன்றையும் தொழிற்சாலையிலேயே கொடுங்கள்.