நூற்பட்டியலே நூலகம்: தொலைநிலை ஆய்வாளரும் பல்கலைக்கழக நூலகப் பயன்பாடும்

ஆய்வுச் சுருக்கம்

தொலைநிலையில் பயில்வோர் பல்கலைக்கழக நூலகத்தைப் பயன்படுத்துவதிலுள்ள இடர்ப்பாடு பெரும்பாலும் பயணத் தொலைவு, இணைய வசதி ஆகியவற்றின் சிக்கலாகவே பேசப்படுகிறது. தமிழாய்வைப் பொறுத்தவரை இவ்விரண்டுக்கும் முற்பட்ட தடையொன்று உண்டு என்பது இக்கட்டுரையின் கருத்து. நூலடுக்குகளின் முன் நிற்க இயலாத ஆய்வாளருக்கு நூற்பட்டியலே நூலகம். பட்டியலில் தெரியாத நூல் அவரளவில் நூலகத்திலேயே இல்லாத நூலாகும். ‘எழுத்து’ இதழைத் தேடும் முறையைச் சான்றாகவும், சீ. இரா. அரங்கநாதனின் நூலக விதிகளை அளவுகோலாகவும் கொண்டு இக்கருத்து விளக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: தொலைநிலைக் கல்வி, பல்கலைக்கழக நூலகம், நூற்பட்டியல், இதழடைவு, அரங்கநாதன், மின்னூலகம்

முன்னுரை

இந்தியாவில் அஞ்சல்வழிக் கல்வி 1962இல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. தமிழ்நாட்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இலும் சென்னைப் பல்கலைக்கழகம் 1981இலும் இம்முறையை மேற்கொண்டன. 2002இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தோன்றியது. பணியிலிருப்போர், இல்லத்தரசியர், கல்லூரிக்குச் செல்ல வாய்ப்பற்றோர் எனப் பலருக்குப் பட்டக் கல்வி எட்டியதற்கு இம்முறையே காரணம்.

எனினும், அஞ்சல்வழிக் கல்வி பாடத்தொகுதியை மையமாகக் கொண்டு வடிவமைக்கப்பட்டது. மாணவர் இல்லத்திற்குப் பாடம் சென்று சேரும். தேர்வுக்கு அதுவே போதும். நூலகத்தின் இடத்தைப் பாடத்தொகுதி நிரப்பிவிடும் என்பது இவ்வமைப்பின் சொல்லப்படாத எடுகோள். ஆய்வு என்று வரும்போது இவ்வெடுகோள் உடைந்துவிடுகிறது. பிறர் தொகுத்தளித்ததைக் கற்பது பாடம். தொகுக்கப்படாததைத் தேடிக் காண்பது ஆய்வு. தொலைநிலையில் முதுகலைத் திட்டக்கட்டுரை எழுதுவோரும், பணியிலிருந்தவாறே பகுதிநேர ஆய்வு மேற்கொள்வோரும் இவ்விடத்தில்தான் தடுமாறுகின்றனர். இக்கட்டுரையில் இவ்விரு சாராரும் ‘தொலைநிலை ஆய்வாளர்’ எனக் குறிக்கப்படுகின்றனர்.

மின்வளங்களும் அவற்றின் எல்லையும்

இத்தடுமாற்றத்திற்கு மின்வளங்களே தீர்வு எனப் பரவலாகக் கருதப்படுகிறது. இக்கருத்தில் உண்மை உண்டு. காந்திநகரிலுள்ள இன்ஃபிளிப்நெட் மையத்தின் ‘சோத்கங்கா’ தளம் இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளை யாவரும் படிக்கத் தருகிறது. மதுரைத் திட்டம் 1998 முதல் தமிழ் இலக்கியங்களை மின்வடிவில் வழங்கிவருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் கிடைக்கின்றன. 2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஏற்பளித்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்திற்கு மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 பன்னாட்டு ஆய்விதழ்கள் இதன்வழி அரசுக் கல்வி நிறுவனங்களுக்குக் கிடைக்கின்றன.

ஆயின், தமிழாய்வாளரின் முதன்மைச் சான்றுகள் இவ்விதழ்களில் இல்லை. சிற்றிதழ்கள், முதற்பதிப்புகளின் முன்னுரைகள், மறுபதிப்புக் காணாத உரைநூல்கள், சிறுவெளியீடுகள் ஆகியவையே அவருக்குத் தேவை. இவற்றுள் பெரும்பகுதி இன்றும் ஒருசில நூலகங்களின் அடுக்குகளிலேயே உள்ளது. எனவே, சந்தா எவ்வளவு விரிந்தாலும் தமிழாய்வாளர் அச்சுத் தொகுப்பின் வாயிலுக்கே திரும்பி வர வேண்டியுள்ளது.

‘எழுத்து’ இதழைத் தேடுதல்

கோவில்பட்டியில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றும் ஒருவர் சென்னையிலுள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் பதிவுசெய்து, ‘எழுத்து’ இதழில் வெளிவந்த புதுக்கவிதை விவாதங்களை ஆய்வதாகக் கொள்ளலாம். சி.சு. செல்லப்பாவை ஆசிரியராகக் கொண்டு 1959இல் தொடங்கி 1970 வரை வெளிவந்த இதழ் அது. சென்னைக்கும் கோவில்பட்டிக்கும் இடையே 550 கி.மீ.க்கு மேற்பட்ட தொலைவு. எனவே, அவர் முதலில் நாடுவது நூலகத்தின் இணையவழிப் பட்டியலை.

அங்கே முதல் தடை எழுத்துப்பெயர்ப்பு. இதழின் பெயரிலுள்ள ழகரத்தை ரோமன் வரிவடிவில் அடிக்கோடிட்ட ஒற்றை எழுத்தாகக் குறிப்பது ஒரு மரபு. ஈரெழுத்துகளால் குறிப்பது மற்றொரு மரபு. செல்லப்பாவின் பெயரிலுள்ள சகரத்திற்கும் இந்நிலையே. ஒரு மரபில் பதியப்பட்ட நூல் மற்றொரு மரபில் தேடுவோருக்குக் கிடைப்பதில்லை. தமிழ் வரிவடிவில் தேடினாலும் தலைப்பெழுத்துகளுக்கிடையே புள்ளியும் இடைவெளியும் அமையும் முறை வேறுபடுகிறது. தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்பதற்கு முன் பல்வேறு குறியேற்றங்களில் உள்ளிடப்பட்ட பதிவுகள் முறையாக மாற்றப்படாதபோது தேடலுக்கே அகப்படுவதில்லை. போதாக்குறைக்கு ‘எழுத்து’ என்பது பொதுச்சொல்லும் ஆதலால் இலக்கண நூல்கள் முதல் கல்வெட்டியல் நூல்கள் வரை அனைத்தும் விடையாக வந்து குவிகின்றன.

இரண்டாம் தடை இதனினும் பெரியது. தேடிய பதிவு கிடைத்தாலும், அது இதழின் பெயர், ஆண்டு, தொகுதி எண் என்ற அளவில் நின்றுவிடுகிறது. எந்த இதழில் எவர் எழுதிய எக்கட்டுரை உள்ளது என்பதை அது கூறுவதில்லை. நேரில் செல்பவருக்கு இது பெருங்குறையன்று. அவர் கட்டுத்தொகுதியை வாங்கிப் புரட்டுவார். தேடாத ஒன்றையும் தற்செயலாகக் காண்பார். ஐயம் எழுந்தால் அனுபவமிக்க நூலகப் பணியாளரிடம் கேட்பார். தொலைநிலை ஆய்வாளருக்கு இம்மூன்று வாய்ப்புகளும் இல்லை. ஒரு கட்டுரையின் படியை அனுப்பித் தருமாறு வேண்டுவதற்குக்கூட அக்கட்டுரை எந்த இதழில், எப்பக்கத்தில் உள்ளது என்பது முன்னரே தெரிந்திருக்க வேண்டும். அதனைத் தெரிந்துகொள்ளவோ நேரில் செல்ல வேண்டும். பட்டியலின் குறையை நேர்ப்பயனர் தம் கால்களால் ஈடுசெய்துகொள்கிறார். தொலைநிலை ஆய்வாளரால் அது இயலாது.

அரங்கநாதனின் அளவுகோல்

1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்ற அரங்கநாதன், 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். நூல்கள் பயன்பாட்டிற்கு உரியவை. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும். வாசகரின் காலம் பேணப்பட வேண்டும். நூலகம் வளரும் உயிரி என்பன அவற்றின் சாரம்.

தொலைநிலைக் கல்வியை மதிப்பிடுவோர் இரண்டாம் விதியை எளிதில் நினைவுகூர்வர். இங்கு மேலும் பொருந்துவது மூன்றாம் விதியாகும். அது நூலின் பக்கம் நின்று பேசுகிறது. வாசகர் தேடி வரும்வரை நூல் காத்திருப்பதை அது ஏற்பதில்லை. 1934இல் வெளிவந்த அவரது பட்டியலாக்க விதிகள், ஒரு நூலுக்குள் அடங்கிய வெவ்வேறு பொருட்பகுதிகளையும் தனித்தனியே சுட்டும் குறுக்குக் குறிப்புப் பதிவுகளுக்கு இடமளித்தன. நூலின் உட்பகுதியும் தனக்குரிய வாசகரைச் சென்றடைய வேண்டும் என்பதே அதன் நோக்கம். தலைப்போடு நின்றுவிடும் இன்றைய கணினிப் பதிவு, அட்டைப்பட்டியல் காலத்திலேயே முன்வைக்கப்பட்ட அந்நோக்கத்தினும் பின்தங்கியதாகும்.

தேடற்பயணம் என்னும் மரபு

இக்குறை தமிழாய்வுச் சூழலில் உரிய கவனம் பெறாமைக்கு ஒரு பண்பாட்டுக் காரணமும் உண்டு. சுவடி தேடி ஊர்ஊராக அலைந்த உ.வே. சாமிநாதையரின் வாழ்வு தமிழாய்வின் முன்மாதிரிக் கதையாக விளங்குகிறது. அலைந்து தேடுவதே ஆய்வின் தகுதி என்னும் எண்ணம் இதிலிருந்து வேரூன்றியது. அதன் விளைவாக, நூலகத்திற்கு வர இயலாத ஆய்வாளரின் இடர்ப்பாடு அமைப்பின் குறையாகக் கருதப்படாமல் முயற்சிக் குறைவாகக் கருதப்படும் நிலை ஏற்படுகிறது. விடுப்புப் பெறவியலாத ஊழியரும், சிறு குழந்தையை விட்டு வரவியலாத தாயும் முயற்சியற்றோர் அல்லர்.

அம்முன்மாதிரிக் கதையிலேயே மறக்கப்பட்ட பகுதி ஒன்றுண்டு. சாமிநாதையரைச் சீவக சிந்தாமணியின் பக்கம் திருப்பியவர் சேலம் இராமசாமி முதலியார். கும்பகோணத்தில் அவர் கொடுத்துதவிய படியே 1887ஆம் ஆண்டுப் பதிப்பின் தொடக்கப்புள்ளி. ஒரு நூல் இருப்பதை அறிந்த ஒருவர் அதனை வேண்டியவரிடம் சேர்ப்பித்ததால்தான் அத்தேடலே தொடங்கிற்று. நூலகத்தின் பணியும் இதுவே.

மாற்று முன்மாதிரி

இலங்கைத் தமிழ் ஆவணங்களுக்காக 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் இணையத்தளம் இங்குக் கருதத்தக்கது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்ட வரலாற்றை உடைய ஒரு சமூகத்தின் முயற்சி அது. இதழ்களின் மின்படிகளைத் தருவதோடு, பல இதழ்களுக்கு உள்ளடக்கத்தையும் தமிழிலேயே தட்டச்சிட்டு அது வழங்குகிறது. அதனால் ஒரு சிற்றிதழில் வந்த கட்டுரையை, அவ்விதழின் பெயரையே அறியாத ஒருவரும் கண்டடைய முடிகிறது.

பல்கலைக்கழக நூலகங்கள் பணியாளர் பற்றாக்குறையையும் பழந்தாள்களின் நொய்ம்மையையும் காரணமாகக் கூறலாம். அவை புறக்கணிக்கத்தக்கன அல்ல. எனினும், ஓரிதழின் உள்ளடக்கத்தை ஒருமுறை உள்ளிட்டால் பின்வரும் ஆய்வாளர் அனைவருக்கும் அது பயன்படும்; நொய்ந்த தாளைப் பலர் புரட்டும் தேவையும் குறையும். இதழடைவு தயாரிப்பது தமிழ்த்துறைகளுக்குப் பழகிய ஆய்வுப்பணியே. அவ்வடைவுகள் ஆய்வேடுகளாக அடுக்கில் உறங்காமல் நூலகப் பட்டியலோடு இணைக்கப்பட வேண்டும். தனிப்பட்ட ஆய்வுக்கான நியாயமான பயன்பாட்டைப் பதிப்புரிமைச் சட்டத்தின் (1957) 52ஆம் பிரிவு ஏற்பதால், குறிப்பிட்ட கட்டுரையின் படியை ஆய்வாளருக்கு அனுப்பும் பணியையும் அதன் எல்லைக்குள் நூலகம் மேற்கொள்ள இயலும்.

முடிவுரை

தொலைநிலை ஆய்வாளரின் நூலகச் சிக்கல் சந்தாவாலும் கடவுச்சொல்லாலும் மட்டும் தீர்வதன்று. எழுத்துப்பெயர்ப்பு வேறுபாடுகளை இணைத்துக் காட்டும் பதிவு, இதழ் உள்ளடக்க அடைவு, வேண்டிய பக்கங்களை அனுப்பும் முறை, மின்னஞ்சல்வழி ஐயம் தீர்க்கும் நூலகர் ஆகிய நான்கும் உடன் வேண்டப்படுகின்றன. இவை இல்லாதவரை, எந்தப் பொருளை ஆய்வது என்பதை ஆய்வாளரின் ஆர்வத்தைவிட அவருடைய ஊரே முடிவு செய்யும். எளிதில் கிடைக்கும் நூல்களைப் பற்றியே மீண்டும் மீண்டும் ஆய்வுகள் பெருகும். அவ்விழப்பு தொலைவிலிருப்பவருக்கு மட்டும் உரியதன்று. தமிழாய்வு முழுமைக்கும் உரியது.