துருவின் அழகும் புழுதியின் சாட்சியமும்

அமெரிக்காவில் பணியாற்றும் நம் பங்கு இளைஞர் ஒருவர், சென்ற ஆண்டின் இறுதியில் நமக்கு ஒரு நாட்காட்டி அனுப்பியிருந்தார். பன்னிரண்டு மாதங்களுக்குப் பன்னிரண்டு படங்கள். எல்லாமே கைவிடப்பட்ட பண்ணைகளில் கிடக்கும் பழைய வண்டிகள், உழவுப் பொறிகள். கதவு கழன்ற லாரி ஒன்றின் இருக்கையைப் பிளந்துகொண்டு செடி முளைத்திருக்கிறது. இரும்புச் சக்கர டிராக்டர் ஒன்று மாலை வெயிலில் செம்பொன்னாய் ஒளிர்கிறது. அழகுதான், மறுப்பதற்கில்லை. பங்கு இல்லத்திற்கு வருவோர் யாவரும் அதன் முன் சற்று நின்றுவிட்டே செல்கின்றனர். ஆயினும், மாதந்தோறும் தாளைப் புரட்டும்போது நம் உள்ளத்தில் ஏதோ ஒன்று உறுத்தியது. அதன் காரணத்தைத் தேடியே, இதே பொருளைத் தொட்ட பழைய படைப்புகள் மூன்றினை மீண்டும் எடுத்து நோக்கினோம்.

முதலாவது ஒரு நிழற்படம். 1936 மே 13 அன்று, தெற்கு டகோட்டா மாநிலத்தில் டல்லஸ் என்னும் சிற்றூரில் எடுக்கப்பட்டது. (டெக்சஸ் மாநிலத்துப் பெருநகர் வேறு.) கொட்டகையை ஒட்டிய முற்றத்தில் பண்ணைக் கருவிகள் புழுதிக்குள் அமிழ்ந்து கிடக்கின்றன. மனிதர் எவரும் இல்லை. நாட்காட்டியிலும் மனிதர் இல்லை. அப்படியானால் இரண்டிற்கும் வேறுபாடு என்ன?

வேறுபாடு அந்தப் புழுதியில் இருக்கிறது. முதல் உலகப் போரின்போது கோதுமைக்குப் புஷல் ஒன்றுக்கு இரண்டு டாலருக்கும் மேல் விலை கிடைக்க அரசே உறுதியளித்தது. புல்வெளிகள் உழப்பட்டன. டிராக்டரும் சட்டிக்கலப்பையும் வந்தபின் அவ்வேலை பன்மடங்கு விரைந்தது. பின்னர் விலை சரிந்தது. கடனை அடைக்க இன்னும் அதிகமாய் உழுதனர். 1930களின் தொடக்கத்தில் மழை பொய்த்தபோது, மண்ணைப் பிடித்து நிறுத்தப் புல்வேர் இல்லை. தென்சமவெளியில் 1935 ஏப்ரல் 14 ‘கறுப்பு ஞாயிறு’ என்றே பெயர் பெற்றது. அன்று பகல் இரவாயிற்று. ஆகவே டல்லஸ் படத்தில் நாம் காண்பது வெறும் பாழ் அன்று. எந்த மண்ணைப் பொறிகள் புரட்டிப்போட்டனவோ, அந்த மண்ணே எழுந்து வந்து பொறிகளை மூடியிருக்கிறது. குற்றம் இன்னதென்று சொல்லும் சாட்சி, படத்திற்குள்ளேயே கிடக்கிறது.

இரண்டாவது, டாரத்தியா லாங் 1938இல் டெக்சஸ் மாநிலத்துச் சில்ட்ரஸ் மாவட்டத்தில் எடுத்த படம். ஆளில்லாத வீடு ஒன்று. அதன் சுவர்வரை நெருங்கி வந்து நிற்கும் உழவுசால்கள். இங்கே கைவிடப்பட்டது பொறியன்று, வீடு. டிராக்டர் படத்திலேயே இல்லை. அது வேறெங்கோ சுறுசுறுப்பாய் உழுதுகொண்டிருக்கிறது. 1933ஆம் ஆண்டு வேளாண் சட்டத்தின்படி, சாகுபடியைக் குறைத்ததற்காக அரசு கொடுத்த பணத்தைக் கொண்டு நிலவுடைமையாளர் பலர் டிராக்டர் வாங்கினர். குத்தகைக் குடிகள் வெளியேற்றப்பட்டனர். ‘டிராக்டரால் துரத்தப்பட்டோர்’ என்னும் பொருள்படவே லாங் அப்படத்திற்குப் பெயரிட்டார். நம் மதிப்பீட்டில் மூன்றினுள் இதுவே தலையாயது.

லாங் தம் கணவர் பால் டெய்லருடன் 1939இல் வெளியிட்ட நூலின் தலைப்பு, ‘அமெரிக்க விடுதலைப் பயணம்’ என்ற பொருளுடையது. விவிலியம் பயின்றவர் என்ற முறையில் இத்தலைப்போடு நமக்கு ஒரு வழக்கு உண்டு. இஸ்ரயேலர் அடிமைத்தளையிலிருந்து வெளியேறினர். புளிக்காத மாவைத் துணியில் கட்டித் தோள்மேல் சுமந்து சென்றனர். இம்மக்களோ, சிறிதேனும் தமதென்றிருந்த வாழ்வை விட்டுக் கலிபோர்னியத் தோட்டங்களின் நாட்கூலிக்குச் சென்றனர். இது திசை மாறிய பயணமன்றோ? ‘மனித மண்ணரிப்பு’ என்று பொருள்படும் அந்நூலின் துணைத்தலைப்பே உண்மைக்கு நெருக்கமானது.

மூன்றாவது, ஜான் ஸ்டைன்பெக்கின் ‘கோபத்தின் கனிகள்’, 1939. பெரிதும் போற்றப்படும் நாவல். 1940இல் புலிட்சர் பரிசு பெற்றது. குடிசையை இடிக்க வரும் டிராக்டர் ஓட்டுநனும், நாளுக்கு மூன்று டாலர் கூலிக்காக வந்த அதே ஊர்ப் பையன்தான் என்று ஆசிரியர் காட்டுமிடம் நெஞ்சைத் தைக்கிறது. ஆனால் பதினோராம் இயலில் அவர் குதிரையையும் டிராக்டரையும் ஒப்பிட்டு, உழைத்து ஓய்ந்த குதிரையிடம் உயிரின் வெதுவெதுப்பு உண்டு, நின்றுபோன டிராக்டரோ வெறும் உலோகம் என்கிறார். இதை நாம் ஏற்பதற்கில்லை. தன் எண்ணெய் எஞ்சினைத் துடைத்துச் சாக்குப் போட்டு மூடிவைக்கும் உழவரைக் கண்டவர் எவரும் ஏற்கார். பொறியை அன்போடு பேணியவரும் உண்டு. அதை விட்டுச் செல்லும்போது அழுதவரும் இருந்திருப்பர். ஒன்பதாம் இயலில்தான் ஸ்டைன்பெக் உயர்கிறார். கலப்பையையும் சேணத்தையும் அற்ப விலைக்கு விற்றுவிட்டு, விற்கவியலாததை எரிக்கும் மக்களை அங்கே காண்கிறோம். ஜோட் குடும்பம் வண்டிப்பாரம் முழுவதற்கும் பெற்றது பதினெட்டு டாலர்.

இனி நாட்காட்டிக்கு வருவோம். அதிலுள்ள லாரிகள் பெரும்பாலும் 1930களைச் சேர்ந்தவையல்ல என்றே தோன்றுகிறது. 1942இல் போருக்கென நாடெங்கும் பழைய இரும்பு திரட்டப்பட்டபோது, பண்ணைகளில் கிடந்த பழம்பொறிகள் ஏராளமாய் உருக்கு உலைக்குச் சென்றுவிட்டன. எஞ்சிக் கிடப்பவை பெரும்பாலும் பின்வந்த நீண்ட, ஓசையற்ற வெளியேற்றத்தின் எச்சங்கள். 1935இல் ஏறத்தாழ 68 இலட்சம் பண்ணைகள் இருந்த அந்நாட்டில், 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 19 இலட்சமே உள்ளன. அண்டை நிலத்தார் நிலத்தை வாங்கினார், லாரியை வாங்கவில்லை. பழைய இரும்புக்குக் கிடைக்கும் விலை, இழுத்துச் செல்லும் கூலிக்கே போதாது. தேவையான உறுப்பைக் கழற்றிக்கொண்டு மிச்சத்தை வேலியோரம் விட்டுவிட்டனர். வறண்ட சமவெளியில் இரும்பு மெல்லத்தான் துருவேறும். நாம் வியந்து நின்ற அந்தப் பொன்னிறம் அவ்வாறு வந்ததே.

அப்படிப்பட்ட ஒரு லாரியை இவ்வளவு ஒளியோடு படமெடுத்தவர், அது யாருடையது என்று கேட்டிருப்பாரா? திறமை குறைந்தவர் என்று நாம் சொல்லவில்லை. ஒளியை அளந்த கண், வேலிக்கு அப்பால் செல்லவில்லை என்பதே நம் குறை. மறைக்கல்விக்கு வந்த சிறுவன் ஒருவன் மே மாதப் படத்தைச் சுட்டி, “சாமி, இந்த லாரிக்காரர் எங்கே?” என்று கேட்டான். நாட்காட்டியைக் கழற்றிப் பின்புறம் திருப்பிப் பார்த்தோம். அச்சகத்தின் பெயரும் விலையும் இருந்தன. படம் எடுத்த ஊர் எதுவென்று எங்கும் இல்லை.