மன்னார்க் கோட்டைகளைக் காற்றோடு ரசிப்பது எப்படி?

பிரான்ஸில் லுவார் ஆற்றை ஒட்டி 900 கிலோமீற்றர் நீளத்துக்கு ஒரு சைக்கிள் பாதை போகிறது. அங்கே மாளிகைகளும் மடாலயங்களும் தங்கள் அழகாலேயே ஆளை நிறுத்திவிடும். இலங்கையின் மன்னார்த் தீவில் எருக்கலம்பிட்டியில் தங்கி, தலைமன்னாரிலிருந்து அரிப்பு வரை சைக்கிள் உழக்கிப் போகிறவருக்கு அந்த வசதி இல்லை. சிறிய கோட்டை ஒன்று, இடிந்த மாளிகை ஒன்று, மணலும் புல்லும் மூடிய துறைமுகம் ஒன்று என்று தனித்தனியாகப் பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். ஆனால் இவை எல்லாவற்றையும் இங்கே கொண்டுவந்து சேர்த்தவை இரண்டே: பருவம் தவறாமல் திசை மாறும் காற்றும், பெரிய கப்பலைக் கடக்கவிடாத ஆழமற்ற கடலும். இந்த இரண்டையும் உணர்ந்தால்தான் இடிபாடுகள் பேசத் தொடங்கும். காற்றை உணர வைக்கும் வாகனம் சைக்கிள். அதனால் இந்தப் பாதையைச் சைக்கிளில் போய் ரசிக்கவேண்டும் என்பதே என் வாதம்.

மன்னார்த் தீவு வடமேற்கு நோக்கி நீண்டு கிடக்கிறது. மன்னார் நகரிலிருந்து தலைமன்னாருக்கு ஏறத்தாழ 30 கிலோமீற்றர். வைகாசிக்குப் பிறகு இந்தத் தெருவில் போனால் சோழகம் என்னும் தென்மேற்குக் காற்று இடப்பக்கமிருந்து தள்ளும். மார்கழியில் போனால் வாடை என்னும் வடகிழக்குக் காற்று வலப்பக்கமிருந்து தள்ளும். கார்க்கண்ணாடிக்குள் இருப்பவருக்கு இந்த வேறுபாடு தெரியாது. சைக்கிள் பிடியை இறுக்கிப் பிடித்திருப்பவருக்குத் தோள் சொல்லிக்கொடுக்கும். பாய்மரக் காலத்தில் மேற்கேயிருந்து வந்தவரும் கிழக்கேயிருந்து வந்தவரும் இந்தக் காற்றுகளை நம்பியே வந்தார்கள். தலைமன்னாருக்கு அப்பால் தனுஷ்கோடி வரை நீளும் மணல்திட்டுகள் அவர்களுடைய பெரிய கலங்களை மறித்தன. தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவேயுள்ள ஒடுங்கிய கடல் வழியாகச் சிறு தோணிகளால் மட்டுமே போக முடிந்தது. போர்த்துக்கீசர் 1560-இல் அந்த வாயிலின் ஓரத்தில் மன்னார்க் கோட்டையைக் கட்டினார்கள். ஒல்லாந்தர் 1658-இல் அதைப் பிடித்தார்கள். 1795-இல் அது ஆங்கிலேயர் கைக்குப் போனது. நான்கு கொத்தளங்களே கொண்ட சதுரக் கோட்டைக்கு மூன்று அரசுகள் ஏன் ஆசைப்பட்டன என்பதற்கு விடை மதிலில் இல்லை. மதிலில் நின்று நீரைப் பார்த்தால் இருக்கிறது. 1914-இல் தலைமன்னாரில் இறங்குதுறை அமைத்து ரயிலையும் கப்பலையும் இணைத்தவர்களும் இதே கடலைத்தான் கணக்கில் எடுத்தார்கள். 1964 டிசம்பர்ப் புயல் எதிர்க்கரையில் தனுஷ்கோடியை அழித்ததும் அந்தக் கணக்கு பொய்த்துப்போனது. இன்று தீவின் தென்கரையில் நிற்கும் 30 காற்றாலைகள் அதே காற்றை மின்சாரமாக்குகின்றன.

பாலத்தைக் கடந்து பெருநிலத்துக்கு வந்தால் வங்காலைப் பறவைகள் சரணாலயத்தின் சேற்றுநிலம். ஆழமற்ற நீர் கப்பலுக்குத் தடை, பூநாரைக்கு உணவு. அங்கிருந்து திருக்கேதீச்சரம் போகும்போது கோயிலை மட்டும் பார்த்துத் திரும்பாதீர்கள். அதைச் சுற்றிய மேட்டுநிலம்தான் பழைய மாதோட்டம். கப்பல்கள் சரக்கை இறக்கி மாற்றிய துறை அது. 1980 முதல் 1984 வரை நடந்த அகழாய்வில் சீனத்துப் பீங்கானும் மேற்காசியப் பாண்டங்களும் கிடைத்தன. பின்னர் நடந்த அகழாய்வில் மிளகும் ஒரு கராம்பும் கிடைத்தன. அந்தக் கராம்பு கி.பி. 900-க்கும் 1100-க்கும் இடைப்பட்டது; அது விளைந்தது இன்றைய இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில். அத்தனை தூரம் அதைக் கொண்டுவந்த காற்றே இன்று உங்கள் சட்டையைப் படபடக்க வைக்கிறது. தெற்கே திரும்பினால் அரிப்பு. கண்டியரசில் ஏறத்தாழ இருபது ஆண்டு சிறையிருந்த றொபேட் நொக்ஸ் 1679-இல் அருவியாற்றை ஒட்டி நடந்து வந்து சேர்ந்தது இங்கேயிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்கே. அருகே கடலோர மேட்டில், முதல் ஆங்கில ஆளுநர் பிரெட்ரிக் நோர்த் முத்துக்குளிப்பைக் கண்காணிக்கக் கட்டிய டொரிக் மாளிகை இடிந்து நிற்கிறது. முத்துக்குளிப்பு பெரும்பாலும் மாசிக்கும் சித்திரைக்கும் இடையில் நடந்தது. வாடை ஓய்ந்து சோழகம் தொடங்காத அந்த நாட்களில்தான் கடல் தெளிந்து அடங்கியிருக்கும். சைக்கிளுக்கும் அதுவே நல்ல காலம்.

வாகனத்தில் ஒரே நாளில் பார்க்கக்கூடியதற்கு இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பார்கள். பார்த்துவிடலாம், உண்மைதான். ஆனால் ஓர் இடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் நடுவிலுள்ள வெளிதான் இங்கே செய்தி. வாகனம் அந்த வெளியைத்தான் விழுங்கிவிடுகிறது. நிழல் இல்லை, வெயில் கொல்லும் என்பது இன்னும் வலுவான மறுப்பு. அதற்கு விடை வேகம் அல்ல, நேரம்: விடியுமுன் புறப்பட்டு, பத்து மணிக்குமுன் நிறுத்தி, மாலையில் தொடருங்கள். தீவை ஒரு நாளும் பெருநிலத்தை மறுநாளும் வைத்துக்கொண்டால் உடம்பும் தாங்கும், மனமும் நிற்கும்.

மூன்றாவது மறுப்பே என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. எல்லாவற்றையும் காற்றின் தலையில் போட்டால் மனிதர் செய்தவை மறைந்துவிடாதா? மறைந்துவிடக்கூடாது. அவர்கள் ஏன் வந்தார்கள் என்பதைத்தான் காற்று விளக்கும். வந்து என்ன செய்தார்கள் என்பதை விளக்காது. மன்னாரில் புதிதாக ஞானஸ்நானம் பெற்ற நூற்றுக்கணக்கானோரை 1544-இல் கொன்றது யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணை. அந்த வேதசாட்சிகளைத் தோட்டவெளி ஆலயம் இன்றும் நினைவுகூருகிறது. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரத்தை இடித்தவர்கள் போர்த்துக்கீசர். அதன் கற்கள் மன்னார்க் கோட்டைக்குப் போயின என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. எருக்கலம்பிட்டிக்கும் இந்த வரிசையில் இடம் உண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, இந்த ஊரவரும் வீடு வாசலை விட்டுப் புத்தளம் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். போர் முடிந்தபின் ஒரு பகுதியினரே திரும்பினார்கள். ஆகவே பழைய கல்லைப் பார்க்கிற அதே கவனத்தோடு, திரும்பவும் எழுந்த மதிலையும் பூட்டியே கிடக்கும் வீட்டையும் பாருங்கள். கோட்டைக்குள் மட்டும் வரலாற்றைத் தேடுகிறவர் இந்தப் பாதையின் பாதியைத் தவறவிடுகிறார்.

போகிறவர்களுக்குச் சில சொற்கள். ஊருக்குள் நுழையும்போது மெதுவாகப் போங்கள். தொழுகை நேரத்தில் பள்ளிவாசல் முன் கூட்டமாக நின்று படம் எடுக்காதீர்கள். பள்ளிமுனையில் அரபு வணிகர் கொண்டுவந்ததாகக் கருதப்படும் பெருக்க மரத்தை ஒருமுறை முழுதாகச் சுற்றி நடந்து பாருங்கள், பட்டையில் பெயர் கீறாதீர்கள். டொரிக் மாளிகையின் சுவரில் ஏறாதீர்கள்; கடல் அதன் அடிமண்ணை அரித்துக்கொண்டிருக்கிறது. இவற்றைக் காக்கும்படி கேட்க ஆட்கள் வேண்டும். ரசிக்கத் தெரிந்தவர்தான் கேட்பார்கள். வருகிற மாசியில் போய் வாருங்கள்.