மடி என்னும் சொல்லை ரசிக்க

சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கப்பலில் போகிறவர்களுக்கு ஏறக்குறைய மூன்று நாள் கிடைக்கும். கப்பல் சேரும் போர்ட் பிளேருக்கு 2024இல் ஸ்ரீவிஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள், கடல்வழி அதேதான். அந்த நாட்களில் திருக்குறளின் 61ஆம் அதிகாரம், மடியின்மையை, வாய்விட்டுப் படியுங்கள். பத்தே குறள்.

சோம்பலுக்கு வள்ளுவர் எடுத்த சொல் மடி. இன்று பேச்சில் சோம்பேறி இருக்கிறான், வாழைப்பழச் சோம்பேறிகூட இருக்கிறான். மடி மட்டும் அந்தப் பொருளில் இல்லை. அதனாலேயே 603ஆம் குறள் காதுக்குத் தனி விருந்து. அடுத்தடுத்து இரண்டு மடி வரும். அழிக்கும் இயல்புடைய சோம்பல் என்று பிரிப்பார் உண்டு. சோம்பலை மடியில் கட்டிக்கொண்டு என்று பிரிப்பாரும் உண்டு. எனக்குப் பின்னதே பிடிக்கும். காசை முடிந்துவைக்கும் இடத்தில் சோம்பலைப் பத்திரப்படுத்துகிறான் ஒருவன்! மூன்றாவது மடி, மடிதல். அழிவது அவன் பிறந்த குடி, அதுவும் அவனுக்கு முந்தி.

605ஐ மேல்தளத்தில் நின்று படிக்க வேண்டும். தள்ளிப்போடுதல், மறதி, மடி, தூக்கம் நான்கும் கெடப்போகிறவர்கள் ஆசையோடு ஏறும் மரக்கலம் என்கிறார். அணிகலன் என்று பொருள் கொண்டோரும் உண்டு. நடுக்கடலில் மரக்கலம்தான் நெஞ்சில் நிற்கிறது. ஆசையோடு என்பதைக் கவனியுங்கள். யாரும் பிடித்து ஏற்றவில்லை.

இதே கடலில் பிடித்து ஏற்றப்பட்டவர்களும் உண்டு. அந்தமானில் 1906இல் கட்டி முடிந்த செல்லுலார் சிறைக்குக் கொண்டுபோன கைதிகள் அவர்கள். அங்கே செக்கில் பூட்டிய கைதி நாளுக்கு 30 பவுண்டு தேங்காய் எண்ணெய் ஆட்ட வேண்டியிருந்தது. குறைந்தால் தண்டனை. செக்கடியில் சுருண்டவனிடம் இருந்தது களைப்பு. அதற்கு மடி என்ற சொல் பொருந்தவே பொருந்தாது. மடியின்மை அதிகாரம் பொருட்பாலில், அரசியல் பகுதியில் இருக்கிறது. முதலில் அது ஆள்கிறவனைப் பார்த்துச் சொன்னது. முடிவுக் குறளும் மடியில்லாத மன்னனைப் பற்றியதே. கூலிக்காரனைக் கடிந்துகொள்ள இதை எடுத்தாள்பவர்கள் அந்த இடத்தைப் பார்ப்பதில்லை.

கரை தெரிய இன்னும் நேரமிருந்தால் அடுத்த அதிகாரமான ஆள்வினையுடைமையையும் படித்துவிடுங்கள். 617ஆம் குறளில் மூதேவி குடியிருப்பது இந்த மடியில்தான்.